வால்வுப் பெருக்கிக்குத் தனி மின்வழங்கி

மின்னணுக் கருவி எதுவாயினும் அதற்கு உயிரூட்டும் உறுப்பு, பவர் சப்ளை என்று வழங்கும் மின்வழங்கியே ஆகும். ஆயினும் கருவி செய்வோரின் கருத்தில் இறுதி இடம் பெறுவதும் அதுவே. பெருக்கியின் சுற்றை வரைவதில் பல நாட்களைச் செலவிடும் மாணவன், மின்வழங்கிக்கு அரை நாளும் ஒதுக்குவதில்லை. வால்வுகளைக் கொண்டு ஒலிப் பெருக்கிகள் அமைக்கும் ஆர்வம் பொழுதுபோக்காகக் கருவி செய்வோரிடையே மீண்டும் காணப்படும் இந்நாளில், இவ்வரிசை மாறுதல் வேண்டும். மின்வழங்கியைத் தனிக் கருவியாக முதலில் அமைத்து, அளந்து, அதன் பின்னரே பெருக்கியைத் தொடுவது முறை. ஆனால் தனியே நிற்கும் மின்வழங்கி, தன்னுள் அடங்கிய அபாயத்தைத் தானே அடக்கும் ஆற்றலும் பெற்றிருத்தல் வேண்டும். இவ்விரண்டாம் பகுதி பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

இப்பொருளை ஆராய்வதற்கு ஹைதராபாத் பொருத்தமான நகரம். நிஜாம் ஆட்சிக் காலத்தில் இயங்கிய தெக்காண வானொலி 1950ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. அந்நாளைய ஒலிபரப்புக் கருவிகளும், வீடுகளில் இருந்த வானொலிப் பெட்டிகளும் வால்வுகளாலேயே இயங்கின. 1967ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், அணுசக்தித் துறையின் கீழ் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆப் இந்தியா என்னும் நிறுவனம் இந்நகரில் தோன்றியது. அதன் தோற்றத்திற்கு வழிகாட்டிய டாக்டர் ஏ. எஸ். ராவ் அவர்களின் பெயரால் நகர்ப்பகுதி ஒன்று இன்றும் வழங்குகிறது. 1969இல் வெளிவந்த டி.டி.சி. 12 என்னும் கணிப்பொறி, டிரான்சிஸ்டர் யுகம் இந்நகரில் வேரூன்றியதைக் காட்டியது. வால்வு யுகத்தின் எச்சங்களும் டிரான்சிஸ்டர் யுகத்தின் ஆக்கங்களும் அருகருகே காணப்படும் ஊர் இது. உதிரி உறுப்புகளைத் தேடும் மாணவர்கள் இன்றும் கோட்டியிலுள்ள குஜராத்தி கல்லிக்குச் செல்கின்றனர்.

மின்வழங்கி தனிப் பெட்டியாக இருத்தல் புதுமையன்று. வானொலி தோன்றிய தொடக்க ஆண்டுகளில் மின்சாரம் தரும் பொருள் பெட்டிக்கு வெளியேதான் இருந்தது. இழையைச் சூடாக்க ஒரு மின்கலமும், ஆனோடுக்கு உயர் மின்னழுத்தம் தர மற்றொரு மின்கலத் தொகுதியும் வேண்டியிருந்தன. 1920களில் மின்கலங்களுக்கு மாற்றாக வந்த ‘பாட்டரி எலிமினேட்டர்’ என்பதும் தனிப் பெட்டியே. மின்சாரம் எட்டாத நம் நாட்டுக் கிராமங்களில் இயங்கிய வானொலிகள், 90 வோல்ட்டும் 1.5 வோல்ட்டும் தரும் உலர்மின்கலத் தொகுதிகளை நம்பி இருந்தன. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் பெட்டிகள் பரவிய பின்னரே மின்வழங்கியும் பெருக்கியும் ஒரே தகட்டின்மேல் அமர்ந்தன. அது விற்பனைக்கும் இடச் சுருக்கத்திற்கும் ஏற்ற முறை. கற்பித்தலுக்கும் சோதனைக்கும் அது ஏற்றதாகாது.

அணுக்கருவியல் ஆய்வுக்கூடங்களில் 1960களில் உருவான ‘நிம்’ என்னும் பொது அமைப்பு இக்கருத்துக்கு நல்ல சான்று. அதில் ஒரு சட்டகத்தின் பின்புறம் மின்வழங்கி ஒன்று நிற்கும். அது 6, 12, 24 வோல்ட் அளவுகளில் நேர், எதிர் என்னும் இருவகை மின்னழுத்தங்களையும் தரும். பெருக்கி, எண்ணி முதலிய கருவிகள் தனித்தனிக் கூறுகளாக அச்சட்டகத்தில் செருகப்படும். ஒரு கூறு பழுதானால் அதனை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகலாம். மின்வழங்கியைத் தொட வேண்டுவதில்லை. ஒரு முறை நன்கு செய்து, நன்கு அளந்து வைத்த மின்வழங்கி பல கருவிகளுக்குப் பயன்படுகிறது. இதே சிக்கனம் வால்வுப் பெருக்கிகளைப் பயிலும் ஆய்வுக்கூடத்திற்கும் பொருந்தும். ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தல் ஆகாது. அங்கே உச்ச அளவு 24 வோல்ட். வால்வு மின்வழங்கியிலோ 350 வோல்ட். முன்னதில் தவறு நேர்ந்தால் கருவி கெடும். பின்னதில் உயிருக்கே கேடு நேரலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

எண்களின்றி இப்பொருள் விளங்காது. ஒலி அமைப்புகளில் பெரிதும் பயன்பட்ட ஈ.எல். 84 வால்வுகள் இரண்டும், ஈ.சி.சி. 83 ஒன்றும் கொண்ட இரு வழிப் பெருக்கியை எடுத்துக்கொள்ளலாம். 250 வோல்ட்டில் ஈ.எல். 84 ஒன்று ஆனோடு வழியே 48 மில்லி ஆம்பியரும், திரைக் கம்பி வழியே ஏறத்தாழ 5.5 மில்லி ஆம்பியரும் ஏற்கும். ஈ.சி.சி. 83இன் இரு பாதிகளும் சேர்ந்து 2 அல்லது 3 மில்லி ஆம்பியருக்கு மேல் ஏற்பதில்லை. ஆக மொத்தம் 110 மில்லி ஆம்பியர். ஹீட்டர்களுக்கு 6.3 வோல்ட்டில் முறையே 0.76, 0.76, 0.3 ஆம்பியர், கூட்டினால் 1.82 ஆம்பியர்.

இதற்கு 250-0-250 வோல்ட் துணைச் சுருளும், 6.3 வோல்ட் ஹீட்டர்ச் சுருள்களும் உடைய டிரான்ஸ்பார்மர் பொருத்தமானது. திருத்தியாக ஈ.இஸட். 81 வால்வைக் கொள்ளலாம். அது 150 மில்லி ஆம்பியர் வரை தரும். அதன் ஹீட்டர் 1 ஆம்பியர் ஏற்கும். அதனை அடுத்து வரும் முதல் மின்தேக்கி 50 மைக்ரோபாரட்டுக்கு மேற்படலாகாது. எனவே 47 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்று, 10 ஹென்றி சோக்குச் சுருள் ஒன்று, மீண்டும் 47 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்று என்பது எளிய அமைப்பு.

வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று உடையது. முழு அலைத் திருத்தத்தில் சிற்றலை 100 சுற்றாகிறது. முதல் மின்தேக்கியின்மேல் தோன்றும் சிற்றலை, 110 மில்லி ஆம்பியர்ச் சுமையில், எளிய கணக்கின்படி 20 வோல்ட்டுக்குச் சற்று மேல். 10 ஹென்றிச் சுருள் அந்த 100 சுற்றுக்கு 6,300 ஓம் அளவில் தடையாக நிற்கிறது. இரண்டாம் மின்தேக்கியோ 34 ஓம் அளவே. ஆகவே சிற்றலை 180 மடங்குக்கு மேல் குறைந்து, எட்டில் ஒரு பங்கு வோல்ட் அளவாகிறது. ஒலிபெருக்கியில் கேட்கும் உறுமல் அடங்குவதன் காரணம் இதுவே. சுருளுக்குப் பதில் 6,300 ஓம் மின்தடையை வைத்தால் என்ன நேரும் என்று மாணவரைக் கேட்கலாம். 110 மில்லி ஆம்பியருக்கு அதில் ஏறத்தாழ 690 வோல்ட் இழப்பு ஏற்பட வேண்டும். இருப்பதோ அதில் பாதிதான். நேர்மின்னோட்டத்திற்கு வழிவிட்டு மாறுமின்னோட்டத்தைத் தடுக்கும் சுருளின் இயல்பு, நூலில் படிக்கும்போது தராத தெளிவை இந்த ஒரு கணக்கில் தருகிறது.

சுமையற்ற நிலை

தனி மின்வழங்கியின் உண்மையான சோதனை அது சுமையோடு இருக்கும்போது நடைபெறுவதன்று. சுமை நீங்கியபோது நடைபெறுவது. பெருக்கியும் மின்வழங்கியும் ஒரே பெட்டியில் இருப்பின், நிறுத்திய பின்னரும் சூடு ஆறாத வால்வுகள் மின்தேக்கிகளில் எஞ்சிய மின்னூட்டத்தை இழுத்துத் தீர்த்துவிடும். தனிப் பெட்டியிலோ இணைப்பு வடத்தை யாரும் எந்நேரமும் கழற்றலாம். கழற்றிய கணமே இரு விளைவுகள் தோன்றுகின்றன.

முதலாவது, மின்னழுத்தம் உயர்கிறது. சுமையோடு 250 வோல்ட் அளவில் நின்ற வெளியீடு, 250 வோல்ட்டின் உச்ச மதிப்பாகிய 353 வோல்ட்டுக்கு ஏறுகிறது. ஊர் மின்சாரம் பத்து விழுக்காடு மிகுந்திருந்தால் அது 388 வோல்ட். டிரான்ஸ்பார்மர் சுமையின்றி இருக்கும்போது சற்று மிகுத்துத் தருவதையும் கூட்டினால் 400 வோல்ட்டைக் கடக்கும். எனவே மின்தேக்கிகள் 450 வோல்ட்டுக்குக் குறைந்தவையாக இருத்தல் ஆகாது. 250 வோல்ட்டில் இயங்கும் பெருக்கிக்கு 300 வோல்ட் மின்தேக்கி போதும் என்று கருதுவது, சுமையுள்ள நிலையை மட்டும் நோக்கியதால் வரும் பிழை.

இரண்டாவது, மின்னூட்டம் வெளியேற வழியின்றித் தங்குகிறது. இரு மின்தேக்கிகளும் சேர்ந்து 94 மைக்ரோபாரட். 353 வோல்ட்டில் அவற்றில் அடங்கும் ஆற்றல் 6 ஜூலுக்குச் சற்றே குறைவு. நல்ல மின்தேக்கி இதனை நெடுநேரம் காத்து வைக்கும். சுவிட்சை அணைத்து, செருகியையும் பிடுங்கி, ‘மின்சாரம் இல்லை’ என்ற நம்பிக்கையோடு கை வைப்பவனை இது தாக்கும். நெஞ்சின் வழியே பாயும் அதிர்ச்சி உயிரைப் பறிக்கவும் கூடும்.

இதற்குரிய மருந்து மிக மலிவானது. பிளீடர் என்று தொழிலாளர் கூறும் வடிகால் மின்தடையை மின்தேக்கிகளுக்கு இணையாக நிலையாகப் பற்றவைத்தல் வேண்டும். ஒன்றன்று, இரண்டு, ஒவ்வொன்றும் 2,20,000 ஓம், 2 வாட். இரண்டும் சேர்ந்து 1,10,000 ஓம். 353 வோல்ட் 50 வோல்ட்டுக்குக் கீழ் இறங்க ஏறத்தாழ 20 விநாடி ஆகும். ஒன்று அறுந்துபோனாலும் மற்றொன்று 40 விநாடியில் அவ்வேலையை முடிக்கும். அவை இழக்கும் மின்னாற்றல் இரண்டுக்கும் சேர்த்து 1.2 வாட் அளவே. ஒரு வேளைத் தேநீரின் விலையும் பெறாத இவ்விரு மின்தடைகளை விட்டுவிட்டு, மின்வழங்கி செய்து முடித்தோம் என்று கூறுவது ஒப்பத்தக்கதன்று.

இணைப்பு வடமும் தரை இணைப்பும்

இரு பெட்டிகளுக்கிடையே செல்லும் வடத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். மின்வழங்கியின் பக்கம் துளையுடைய சாக்கெட்டும், வடத்தின் முனையில் ஊசியுடைய செருகியும் இருத்தல் வேண்டும். இது மாறினால், கழற்றிய வடத்தின் ஊசிகளில் 350 வோல்ட் திறந்தவெளியில் நிற்கும். பழுதான எட்டு ஊசி வால்வின் அடிப்பாகத்தைச் செருகியாகவும், வால்வுச் சாக்கெட்டை மின்வழங்கியின் வாயாகவும் கொள்ளும் பழைய வழக்கம் இவ்விதிக்கு இயல்பாகவே இணங்கியது.

பெருக்கியின் உலோகத் தகடு, வடத்தின் வழியாகவே தரை இணைப்பைப் பெறுகிறது. அக்கம்பி அறுந்தால் தகடு முழுவதும் உயர் மின்னழுத்தம் ஏறக்கூடும். ஆதலால் தரைக்கு இரண்டு ஊசிகளும் இரண்டு கம்பிகளும் ஒதுக்குவது அறிவுடைமை. ஹீட்டர்க் கம்பியின் பருமனும் கவனத்திற்குரியது. அரை சதுர மில்லிமீட்டர்ச் செப்புக் கம்பியில் ஒரு மீட்டர் வடம், போக வர இரு மீட்டராகி, 1.82 ஆம்பியருக்கு எட்டில் ஒரு பங்கு வோல்ட் இழக்கும், அது பொறுக்கத்தக்கது. வடத்தை மூன்று மீட்டராக நீட்டினால் இழப்பு 6 விழுக்காடாகிறது, வால்வு தளர்வுறும். ஆகவே வடம் குறுகியதாகவோ கம்பி பருத்ததாகவோ இருத்தல் வேண்டும்.

ப்யூஸ் ஒன்று போதாது. முதற்சுருளில் வைக்கும் 1 ஆம்பியர் ப்யூஸ் 230 வாட் வரை பொறுத்துக்கொள்ளும். 70 வாட் அளவுக்கே சுற்றிய டிரான்ஸ்பார்மர் அதற்குள் கருகிவிடும். எனவே உயர் மின்னழுத்தச் சுருளின் மையமுனையில் தனி ப்யூஸ் வேண்டும்.

கட்டிடத்தில் கசிவுமின் தடுப்பான் பொருத்தப்பட்டுள்ளது என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது. அக்கருவி, ஊர் மின்சாரக் கம்பிகள் இரண்டிலும் செல்லும் மின்னோட்டத்தின் வேறுபாட்டைக் கண்டு இயங்குவது. டிரான்ஸ்பார்மரின் துணைச் சுருளில் ஒருவர் கை பட்டால், அவர் உடல் வழியே செல்லும் மின்னோட்டம் துணைச் சுருளுக்கே திரும்புகிறது. முதற்பக்கத்தில் வேறுபாடு தோன்றாது, தடுப்பானும் வாளாவிருக்கும். தடுப்பானைக் காட்டி மாணவருக்குத் தைரியம் கூறும் ஆசிரியர் இவ்வுண்மையை உணர்தல் வேண்டும்.

மறுப்புரைகள்

‘வால்வு யுகம் முடிந்துவிட்டது, இதனைக் கற்பிப்பதில் பயன் என்ன?’ என்று கேட்போர் உண்டு. பங்களூரில் 1954இல் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் வானொலி வால்வுகளைப் பெருமளவில் செய்தது. டிரான்சிஸ்டர் பரவியபின் அத்தேவை மறைந்தது என்பது உண்மையே. ஆயினும் கிதார்ப் பெருக்கிகளிலும் உயர்தர இசைக் கருவிகளிலும் வால்வுகள் இன்றும் பயன்படுகின்றன. வெளிநாடுகளில் சில தொழிற்சாலைகள் அவற்றை இன்றும் செய்கின்றன. மேலும், உயர் மின்னழுத்தம் வால்வோடு மறைந்துவிடவில்லை. நுண்ணலை அடுப்பிலும், இன்வெர்ட்டரிலும், கணிப்பொறியின் மின்வழங்கியிலும் அது குடியிருக்கிறது. மின்தேக்கியின் அபாயத்தைக் கண்ணெதிரே காணத்தக்க பெரிய உறுப்புகளால் அமைந்த வால்வு மின்வழங்கி, அவற்றைப் பழுது பார்க்கப் போகும் களப்பணியாளருக்கும் நல்ல பாடசாலையாகும்.

‘ஆயத்தமாக விற்கும் ஸ்விட்சிங் வகை மின்வழங்கியை வாங்கினால் போதாதா?’ என்பது மற்றொரு வினா. நல்ல முறையில் செய்தது தரத்தில் குறைந்ததன்று; எடையும் குறைவு. ஆனால் மூடிய பெட்டி எதனையும் கற்பிப்பதில்லை. பழுதானால் தூக்கி எறிவதே வழி. இசை கேட்பதையே நோக்கமாகக் கொண்டவர் அதனை வாங்கட்டும். கற்க விரும்புவோர் சுருளையும் மின்தேக்கியையும் கையாளட்டும்.

மூன்றாவது கூற்று சிறிதும் ஏற்கத்தக்கதன்று. டிரான்ஸ்பார்மரின் விலையை மிச்சம் பிடிக்க, ஊர் மின்சாரத்தை நேரே திருத்திப் பயன்படுத்தலாம் என்பதே அது. நேர்மின்னோட்டம், மாறுமின்னோட்டம் இரண்டிலும் இயங்கிய பழைய வானொலிகள் அவ்வாறே அமைந்திருந்தன. நூறு மில்லி ஆம்பியர் ஹீட்டர் வால்வுகளைத் தொடராக இணைத்து, உலோகத் தகட்டை மின்கம்பி ஒன்றோடு சேர்த்திருந்தனர். மரப்பெட்டியும் காப்பிட்ட குமிழ்களும் அந்நாளில் கேட்போரைக் காத்தன. மாணவர் மேசையில் பெட்டியுமில்லை, குமிழுமில்லை. செருகியைத் திருப்பிச் செருகினால் தகடு முழுவதும் 230 வோல்ட் நிற்கும். இம்முறையைப் பயிற்சிக்கூடங்களில் முற்றிலும் விலக்குதல் வேண்டும்.

செய்யத்தக்கது

பெருக்கியை இணைக்குமுன் மின்வழங்கியைத் தனியே சுமையேற்றிப் பார்த்தல் வேண்டும். 2,200 ஓம், 50 வாட் கம்பிச் சுற்று மின்தடை இதற்கு ஏற்றது. 250 வோல்ட்டில் அது 114 மில்லி ஆம்பியர் ஏற்கும். 230 வோல்ட், 25 வாட் இழை விளக்கும் ஏறக்குறைய அதே அளவு ஏற்கும். ஆனால் விளக்கு அணைந்திருப்பதை மின்சாரம் இன்மையின் அடையாளமாகக் கொள்ளலாகாது. இழை அறுந்து விளக்கு அணைந்த நேரத்தில்தான் வெளியீடு உச்சத்தில் நிற்கும். மல்டிமீட்டரின் கவ்விகளை மின்சாரம் பாய்ச்சுமுன் பொருத்திவிட வேண்டும். உயிருள்ள சுற்றில் கை வைத்து அளத்தல் கூடாது. வடிகால் மின்தடை இருப்பினும், கை வைக்குமுன் மீட்டர் காட்டும் எண்ணைப் பார்த்தல் வேண்டும்.

இவ்வாறு அளந்த மூன்று எண்களைப் பெட்டியின் முகப்பில் எழுதி ஒட்டுதல் நன்று: சுமையற்ற நிலையில் மின்னழுத்தம், முழுச்சுமையில் மின்னழுத்தம், நிறுத்தியபின் 50 வோல்ட்டுக்குக் கீழ் இறங்க ஆகும் விநாடிகள். ஆண்டுக்கு ஒரு முறை அவற்றை மீண்டும் அளந்து தேதியிடலாம். முதல் இரண்டும் கருவியின் தரத்தைக் கூறும். மூன்றாவது அதனைச் செய்தவரின் பொறுப்பைக் கூறும். மூன்றாம் எண் எழுதப்படாத பெட்டி, எவ்வளவு இனிமையாக இசைக்க உதவினாலும், மாணவரின் மேசைக்கு வரத் தகுதி பெற்றதன்று.